ராவுத்தரின் கொழுத்த முயல்கள்

பனையோலைக் கூடையில் துண்டு விரித்து, அதன்மேல் ஒரு வெள்ளை முயல். தூங்குவதுபோலத்தான் இருந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில், பொன்னமராவதியில் நான் கால்நடை டாக்டராக வேலைக்குச் சேர்ந்த புதிது. கூடையை என் மேஜைமேல் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர், பினாங்கில் நெடுங்காலம் கடை வைத்திருந்து ஊர் திரும்பியவர். எல்லோருக்கும் அவர் ராவுத்தர்தான். ஆறடி உயரம், அதற்கேற்ற உடம்பு. கடைத்தெருவின் இந்த முனையில் பேசினால் அந்த முனையில் கேட்கும். அந்தக் குரல் அன்று இறங்கிப் போயிருந்தது. “நேத்துச் சாயங்காலம் எங்கையில புல்லு வாங்கித் தின்னுச்சுங்க டாக்டர். காலையில பார்த்தா வெறச்சுக் கெடக்கு. இது மொத ஒண்ணும் இல்ல. எது நல்லாக் கொழுகொழுன்னு இருக்கோ அதாப் பார்த்துப் போகுது” என்றார்.

மாடும் ஆடும் எனக்குத் தெரியும். முயலைப் பற்றி நான் படித்திருந்ததைச் சொன்னால் ஒரு பக்கம்கூடத் தேறாது. ஆனாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் தோட்டத்துக்குப் போனேன். கிணற்றடியில் அருகம்புல் பச்சைப் பாய் விரித்ததுபோல் படர்ந்திருந்தது. அதன்மேல் அடித்தட்டு இல்லாத கம்பிவலைக் கூண்டுகள். முயல்கள் உள்ளிருந்தபடியே புல்லை மேயும். ஓரிடம் தீர்ந்தால் கூண்டை அடுத்த இடத்துக்கு நகர்த்திவிடுவார். கறிக்கு விற்கத்தான் வளர்ப்பதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். “கறிக்காம்! இன்னைக்கு வரைக்கும் ஒண்ண அறுத்திருக்காரான்னு கேளுங்க” என்று அவர் மனைவி சமையற்கட்டிலிருந்தே சிரித்தார்.

பாம்பாக இருக்குமோ என்று பார்த்தேன். செத்த முயலின் உடம்பில் பல் பட்ட தடம் எங்கும் இல்லை. வெயிலோ என்றால், கூண்டுக்கு மேலே கீற்றுப் போட்டிருந்தார். தண்ணீர் வீட்டார் குடிக்கும் அதே கிணற்றுத் தண்ணீர். அரளி, ஆமணக்கு என்று ஏதாவது முளைத்திருக்கிறதா என்று மண்டியிட்டுத் தேடினேன். முழங்காலில் நெருஞ்சி ஏறியதுதான் மிச்சம். ராவுத்தர் என்னை ஓரமாகக் கூட்டிப்போய்ப் பக்கத்துக் கிளுவை வேலியைக் காட்டினார். “அங்கிட்டு இருக்கிறது எம் மச்சான் கொல்லை. அவன் வேலைதான் இது. வெசம் வைக்கிறான்.” மச்சான் என்றது மனைவியின் அண்ணனை. கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். ஏதோ ஒரு கல்யாணத்தில் ராவுத்தரைக் கடைசிப் பந்தியில் உட்காரவைத்துவிட்டார் என்று தொடங்கிய மனஸ்தாபம். ஒரே பள்ளிவாசலில் தொழுதுவிட்டு ஆளுக்கொரு வாசல் வழியாக வெளியேறுவார்களாம்.

மறுநாளும் ஒரு முயல் செத்தது. அதை அறுத்துப் பார்த்தபோது ரத்தம் செக்கச் செவேலென்று இருந்தது. செத்து நேரமான உடம்பில் அப்படி இருக்கக் கூடாது. வாய்க்குள் பார்த்தேன். பற்களுக்கிடையே அகலமான ஒரு இலைத் துணுக்கு. அருகம்புல் அவ்வளவு அகலம் வராது. வேலிக்கு அப்பால் எட்டிப் பார்த்ததும் புரிந்தது. மழை பொய்த்து, முழங்கால் உயரத்திலேயே வாடி நின்ற சோளம். அந்தப் பருவத்துச் சோளக் குருத்தில், ரத்தத்தை அப்படிச் சிவக்கவைக்கும் விஷம் ஊறியிருக்கும். கொஞ்சம் தின்றாலும் மாடே சுருண்டு விழுந்துவிடும். முயல் எம்மாத்திரம்? சோளம் தானாக வேலி தாண்டி வராதே என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ராவுத்தர் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டார். “சாயங்காலம் வரைக்கும் பொறுங்க. கண்ணால பார்த்துட்டுப் போவோம்” என்று கையைப் பிடித்து நிறுத்தினேன்.

வழக்கமாக அவர் பள்ளிவாசலுக்குக் கிளம்பும் நேரத்தில், போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, என்னோடு வைக்கோல் போருக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய உடம்பை ஒளித்துவைக்க நான் பட்ட பாடு தனிக்கதை. சற்று நேரத்தில் வேலி விலகியது. தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாக, ஒல்லியான ஒரு மனிதர் கையில் சோளக் குருத்தோடு உள்ளே வந்து, கூண்டருகே குத்தவைத்து உட்கார்ந்தார். முயல்கள் முண்டியடித்து ஓடிவந்தன. இருப்பதில் கொழுத்ததுதான் மற்றதைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றது.

“வாங்கடா, வாங்கடா கண்ணுகளா. ஒங்கள்ல ஒருத்தன் போயிட்டானாமே? ஒடம்புல சத்து இல்லடா ஒங்களுக்கு. வெறும் புல்லையே போட்டா என்னத்துக்கு ஆகும்? இந்தா, தின்னுங்க. எங்க மச்சானுக்கு எம்மேலதான் கோவம், ஒங்களுக்கென்ன?”

எழுந்து பாயப்போன ராவுத்தர் பாதியில் அப்படியே நின்றுவிட்டார். நான்தான் “குடுக்காதீங்க! அது வெசம்!” என்று கத்திக்கொண்டு ஓடினேன். ஜவுளிக்கடைக்காரர் திடுக்கிட்டு மல்லாந்து விழுந்தார். நல்லவேளை, ஒரு குருத்தும் அதுவரை வலைக்குள் போகவில்லை. விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளிறிவிட்டது. “மாட்டுக்கு ஆகாதுன்னு சொல்வாங்க. முயலுக்குமா ஆகாது? வெறும் புல்லையே தின்னுதேன்னு சத்துக்குத்தானேய்யா குடுத்தேன்! நானே கொன்னுட்டேனே” என்று தலையில் அடித்துக்கொண்டார். ராவுத்தர் மெல்ல நடந்து வந்தார். அடிக்கப்போகிறாரோ என்று நான் குறுக்கே நின்றேன். என்னை விலக்கிவிட்டு, மச்சானின் கையைப் பிடித்துத் தூக்கி, முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். “எம் முயல்கிட்ட இம்புட்டுப் பேசுற. எங்கிட்டப் பேச ஒனக்கு வாயில்லையாடா?” என்றபோது அவருடைய பழைய குரல் திரும்பியிருந்தது. கடைத்தெருவரை கேட்டிருக்கும்.

அதன்பின் அங்கே ஒரு முயலும் அப்படிச் சாகவில்லை. பிறகு எத்தனையோ ஊர்களில் வேலை பார்த்துவிட்டேன். காரணம் தெரியாமல் கால்நடை செத்தால் ஜனங்கள் முதலில் பகையாளி பெயரைத்தான் சொல்வார்கள். நான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, இதன்மேல் ரொம்பப் பிரியம் வைத்திருப்பவர் யார் என்று விசாரிப்பேன்.

பொன்னமராவதியில், அந்தச் சமாதானம் நடந்த வாரக் கடைசியிலேயே இருவரும் ஒரே சைக்கிளில் ஆஸ்பத்திரிக்கு வந்து இறங்கினார்கள். மிதித்தவர் மச்சான், பின்னால் ராவுத்தர், மடியில் உயிருள்ள முயல். அதற்கு என்ன என்று கேட்டேன்.

“தும்முச்சுங்க” என்றார் ராவுத்தர்.

மச்சான் மூச்சு வாங்கிக்கொண்டே திருத்தினார். “ரெண்டு தடவைங்க.”