கண் மூடாத ஜெபம்

1986-ல் எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபம் தினமும் கூச்சலில் முடிந்தது. ஐந்து வயதுப் பிள்ளைதான் காரணம் என்று எல்லோரிடமும் சொன்னேன். காரணம் நான். அதைச் சபையாருக்கு மறைக்காமல் எழுதுகிறேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. இலங்கையிலிருந்து படகில் வந்த அநாதைப் பிள்ளை ஜெயாவை, என் மனைவி எஸ்தர் அகதி முகாமில் பார்த்துவிட்டு, பிடிவாதமாக ராஜபாளையத்துக்கு அழைத்துவந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் பாதுகாவலராக நானும் கையெழுத்திட்டேன். மனமில்லாமல்தான்.

காலையில் மில் சங்கு ஊதியதும் முழங்காலில் நிற்போம். "கண்ணை மூடு" என்பேன். உடனே ஜெயா அலறுவாள், கடிப்பாள். வகுப்பையே பார்வையால் அடக்கிய வாத்தியார் நான். பிரம்பை எடுத்தேன். அடிக்க அடிக்கக் கண்களை அகலத் திறந்தாள். அது எனக்குத் திமிராகத் தெரிந்தது.

"பச்சப்புள்ளய இப்படி அடிக்கியளே, கை கூசலையா ஒங்களுக்கு?" என்று எஸ்தர் அழுவாள்.

பக்கத்து வீட்டுத் தங்கராஜ் சுவருக்கு மேலே எட்டிப் பார்ப்பார். "என்ன வாத்தியாரே, ஜெபம் பண்ணுதியளா, பேய் ஓட்டுதியளா?"

வெறுப்பு முற்றியது. 'ஆண்டவரே, இந்தப் பிள்ளையை என் வீட்டிலிருந்து எடுத்துவிடும்.' இதைக் கேட்டு உபவாசம்கூட இருந்தேன். கடைசியில், அவளை முகாமுக்கே திருப்பி அனுப்ப ஸ்ரீவில்லிபுத்தூர் வக்கீலைப் பார்க்கக் கிளம்பினேன்.

எஸ்தர் தெருக்குழாய்க்குப் போயிருந்தாள். போகிற காரியம் கைகூட வேண்டுமென்று முழங்காலிட்டுக் கண்களை மூடினேன். சின்ன விரல்கள் என் இமைகளைப் பிடித்துத் திறந்தன. அந்தக் கையில் என் பிரம்பின் தழும்பு.

"மூடாதேங்கோ ஐயா. மூடினா ஆக்கள் போயிடுவினம்."

"யாரு போனது?" அதட்டினேன்.

"அம்மா. ஆமிக்காரர் வரேக்க, சத்தம் போடாமக் கண்ணை மூடு எண்டவ. திறக்கேக்க அவ இல்லை."

நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போகவில்லை. அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் பயந்து பின்வாங்கினாள்.

மறுநாள் மூவரும் கண் திறந்து ஜெபித்தோம். ஜெயா அலறவில்லை. ஆனாலும் அவள் என் மடியில் வந்து உட்கார ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

என் வீட்டிலிருந்து ஒன்றை எடுத்துவிடும்படி கேட்டேன். கர்த்தர் என் பிரம்பை எடுத்துவிட்டார். என் கொடிய ஜெபத்துக்கே இரங்கியவர் உங்களைக் கைவிடுவாரா? வந்த பிள்ளையோடு போராடுகிறவர்களே, அவரை நம்பிப் பொறுத்திருங்கள்.

ஜெயா இப்போது கிருஷ்ணன்கோவிலில் படிக்கிறாள். கல்லூரி பஸ் வருமுன் வாசலில் ஜெபிக்கிறோம். அவள் கண்களை மூடிக்கொள்கிறாள்.

"நீங்க பாத்துக்கிடுங்கப்பா" என்கிறாள்.

பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.