நிற்கும் இடத்தின் அளவு

சரக்கு பிக்கப் ஓட்டும் அவரைத் தெருவே 'டேப்பு' என்றுதான் கூப்பிடும். சட்டைப் பையில் அளவு டேப் இல்லாமல் அவர் பல் துலக்கக்கூட மாட்டார். படுக்கையறைச் சுவரை மூன்று முறை அளந்து வாங்கிய பீரோ, பதினோரு வருடமாக ஹாலில்தான் நிற்கிறது. அறைக் கதவை அளக்க அவருக்குத் தோன்றவில்லை.

போன மாதம் பிக்கப்புக்கு அகலமான அலாய் வீல் வாங்கப் போனார். போல்ட் ஓட்டைகளின் இடைவெளி, ரிம்மின் ஆழம், சக்கரம் எவ்வளவு வெளியே துருத்தும் என்பது வரை நோட்டில் எழுதினார்.

"ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு வச்சும் ஒரு தடவ அளந்துடுங்கண்ணே," என்றார் கடை மெக்கானிக்.

"எனக்கே அளக்கச் சொல்லித் தர்றியா?"

மாட்டியதும் வண்டி மாப்பிள்ளை மாதிரி நின்றது. முதல் திருப்பத்திலேயே டயர் மட்கார்டில் உரசி ஊரைக் கூட்டியது. அன்றிலிருந்து ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்காமல் வண்டியைத் திருப்ப வேண்டுமென்று இரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள ரவுண்டானாவுக்குப் போகிறார். கேட்டால், காற்று வாங்கவாம்.

நேற்று, கூடவே சுற்றிச் சலித்துப்போன மனைவி சொன்னாள்: "நிக்கிறப்ப அழகாத்தான் இருக்கு. கழட்டி ஹால்ல பீரோ பக்கத்துல வச்சிடுங்க."

டேப்பு சட்டைப் பையிலிருந்து டேப்பை உருவினார். ஹாலை அளக்க ஆரம்பித்தார்.