கொழும்புப் புள்ளி

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துக் கோயிலின் தேர்த் திருவிழாப் படங்களைப் போட நான் செய்த இணையதளத்தில் ஓர் உலக வரைபடம் உண்டு. பார்க்கிறவர் எந்த ஊரோ, அங்கே சிவப்புப் புள்ளி விழும். அங்கிருந்து பார்க்கப் பார்க்கப் புள்ளி பெரிதாகும்.

படிக்கத் தெரியாதவருக்கும் புரியட்டும் என்றுதான் எண்களை எடுத்துவிட்டுப் புள்ளி வைத்தேன்.

நன்றாகவே புரிந்துவிட்டது.

இன்றும் அந்தத் தோட்டத்துச் செல்லம்மாக்கா பதுளையில் இருக்கும் என் நெட் கடைக்கு வந்தார். கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன அவர் மகனிடமிருந்து வெகுநாளாகத் தகவல் இல்லை.

"தம்பி, அந்தப் படத்த போடுங்க."

போட்டேன். கொழும்புப் புள்ளியை விரலால் தொட்டார்.

"போன தடவைய விட பெருசாயிருக்கே. அடிக்கடி பாக்குறான் போல."

"வேற யாராச்சும்கூட பாக்கலாங்கக்கா."

"நம்ம தேர வேற யாரு தம்பி இத்தன தடவ பாப்பாங்க?"

எங்கள் இணைப்பு கொழும்பு வழியாகத்தான் போகிறது. பதுளையில் திறந்தாலும் வரைபடம் கொழும்பு என்றே குறிக்கும். அவர் வந்து பார்க்கப் பார்க்கத்தான் அந்தப் புள்ளி வளர்கிறது.

"நாளைக்கும் வாரேன்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

பயனரை மனதில் வைத்துச் செய் என்று எனக்குப் பாடம் எடுத்த நண்பர்களே, பாஸ்வேர்ட் தருகிறேன். நீங்களே வந்து அந்தப் புள்ளியை எடுத்துவிடுங்கள்.