தோல்விக்கு மூல காரணம்

வாகட் பகுதியில் ஓர் அடுக்ககத்தில் என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொண்ட நண்பன் கோயம்புத்தூர்க்காரன். மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது அவன் வேலை. கிரிக்கெட் பந்தயத்தில் தொடர்ந்து ஆறு ஆட்டங்களில் பணத்தை விட்டான். வேறொருவனாக இருந்தால் வெட்கப்பட்டிருப்பான். இவன் ஆபீஸ் லேப்டாப்பில் ஒரு எக்ஸெல் ஷீட் திறந்தான். எந்தச் சட்டை, எந்த நாற்காலி, என்ன சாப்பாடு என்று ஆட்டத்துக்கு ஒரு வரி. கடைசியில் 'மூல காரணம்' என்று ஒரு கட்டம். ஆறு வரியிலும் அந்தக் கட்டத்தில் என் பெயர்தான் இருந்தது. பந்தயம் கட்டிய மகானுபாவனின் பெயர் எங்குமே இல்லை.

"நீ ஹாலுக்கு வந்தாலே நம்ம டீமுக்கு விக்கெட் விழுகுதுடா. நான் சொல்லலை, டேட்டா சொல்லுது," என்றான்.

ஏழாவது ஆட்டம் முடியும்வரை என்னைச் சமையலறையிலேயே இருக்கச் சொன்னான். அவன் மூஞ்சியைப் பார்க்காமலாவது இருக்கலாம் என்று இருந்து தொலைத்தேன். அன்று அவன் ஜெயித்துவிட்டான். ஷீட்டில் அந்த வரிக்குப் பச்சை நிறம் பூசிவிட்டு, மேலாளர் தோரணையில் என் தோளைத் தட்டினான். இத்தனை படித்தவனுக்கு இவ்வளவு முட்டாள்தனமா என்று ஒரு வாரம் ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன்.

அடுத்த ஞாயிறு மதியம், டாஸ் போடுவதற்கு முன்பே எழுந்து சமையலறைக்குப் போனேன். அவன் போகச் சொல்லவில்லை. அன்றைய பந்தயத்தில் என் ஐந்நூறு ரூபாயும் இருந்தது.