மடையை எப்போது திறப்பது

அன்றைக்கு ஊருணி மடையில் நின்றவர்கள்: நான், என் மனைவி, குடையோடு ஊர்த்தலைவர், கடையைப் பூட்டாமலே ஓடிவந்த டீக்கடைக்காரர், மதுரையில் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் ஒரு டீச்சரம்மா, அவருடைய மாணவர்கள் மூன்று பேர், அதாவது இரண்டு பையன்களும் கையில் மீட்டர் வைத்திருந்த ஒரு பெண்ணும். வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடக் காரணம் உண்டு. பிற்பாடு ஊரில் பாதிப் பேர் தாங்களும் அங்கே நின்றதாகவும், அப்போதே திறக்கும்படி என்னிடம் சொன்னதாகவும் பேசினார்கள். நிற்கவில்லை. சொல்லவும் இல்லை. மழைக்கு அவரவர் வீட்டுக்குள் இருந்தார்கள்.

எங்கள் ஊரில் கிணறு தோண்டினால் உப்புத் தண்ணீர்தான். மாட்டைக் குளிப்பாட்டலாம், வாயில் வைக்க முடியாது. குடிக்கவும் சமைக்கவும் ஊருணி ஒன்றுதான். அது ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்துவிட்டால் அடுத்த ஆடி வரை கவலையில்லை. நிறையாவிட்டால் பங்குனியிலேயே குடத்தோடு லாரிக்குக் காத்து நிற்க வேண்டியதுதான். நான் அந்த ஊருணிக்குக் காவல். கால் கழுவ இறங்குகிறவர்களை விரட்டுவதும் ஆடு அண்டாமல் பார்த்துக்கொள்வதும் வருஷம் முழுக்க உள்ள வேலை. தை பிறந்ததும் வீட்டுக்கு இருபது ரூபாய் கூலி. ஆனால் உண்மையில் ஊர் என்னை வைத்திருந்தது வருஷத்தில் ஒரே ஒரு நாளுக்காக.

முதல் மழைத் தண்ணீரை ஊருணிக்குள் விடக் கூடாது. அத்தனை மாத வெயிலில் காய்ந்து கிடந்த நிலத்தின் சாணம், புழுக்கை, உவர்மண்ணில் வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பு எல்லாவற்றையும் அதுதான் வழித்துக்கொண்டு வரும். ஆகவே மடையில் பலகை சொருகிக் களிமண்ணால் அடைத்துவிட்டு, அந்தத் தண்ணீரைப் பக்கத்தில் உள்ள கழிவுக்கால் என்கிற வாய்க்காலில் திருப்பிக் கண்மாய்க்கு அனுப்பிவிடுவோம். நிலம் கழுவி முடிந்தபின் பலகையை எடுத்தால் நல்ல தண்ணீர் உள்ளே வரும். சொல்லும்போது சுலபம். முந்தி எடுத்தால் ஊரே வருஷம் பூராவும் கரிப்புத் தண்ணீர் குடிக்க வேண்டும். பிந்தி எடுத்தால் மழை போய்விடும். எங்கள் பக்கத்து மழை சொல்லிக்கொண்டு வருவதுமில்லை, சொல்லிக்கொண்டு போவதுமில்லை.

இந்த வேலைக்கு என்னைவிடப் பொருந்தாத ஆள் கிடையாது. கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவன் நான். ஏழாம் வகுப்பு முழுப்பரீட்சைக்கு முந்தின வாரம் வயிற்றுப்போக்கு பிடித்து, பரீட்சை முடிந்ததும் தானாக நின்றது. அப்படி நின்றதுதான் என் படிப்பும். முந்தின காவல்காரர் மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டார். அடுத்து யார் என்று ஊர்க்கூட்டத்தில் கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். யாரும் ஒப்புக்கொள்ளாவிட்டால் ஊருணி என்ன ஆகும் என்ற கவலையில் நான் மட்டும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைவர் கண்ணில் பட்டுவிட்டேன்.

டீச்சரம்மா ஊருக்கு வந்தது அதற்குப் பல வருஷம் கழித்து, தொண்ணூறுகளின் கடைசியில். கட்டடம் கட்டப் படிக்கிற பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் கூட்டிவந்து எங்கள் பள்ளிக்கூடத்திலேயே தங்கவைத்தார். மடைக்கு முன்னால் வண்டல் படிவதற்கு ஒரு தொட்டி கட்டினார்கள். கட்டுவதற்கு முன்பு எத்தனை கூட்டம்! தொட்டி எங்கே, எவ்வளவு ஆழம், யார் தூர்வாருவது என்று சாயங்காலந்தோறும் ஊரை உட்காரவைத்துக் கேட்டார்கள். “இது எங்க பிள்ளைகளுக்கும் பாடம், உங்களுக்கும் பாடம்” என்பார் டீச்சரம்மா. “பரீட்சை வைப்பீகளா?” என்று டீக்கடைக்காரர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், எனக்கு மட்டும் வயிறு ஒரு புரட்டு புரட்டியது.

தொட்டி நன்றாகவே அமைந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மண்ணும் புழுக்கையும் அதில் தங்கிவிடும். ஆனால் கரைந்த உப்பு தங்காது. அதைப் பிள்ளைகளே தெரிந்துவைத்திருந்தார்கள். அதற்காகத்தான் ஐப்பசியில் மீட்டரோடு திரும்பி வந்தார்கள். பேனா மாதிரி ஒரு கருவி, தண்ணீரில் முக்கினால் உப்புக்குத் தகுந்தபடி எண் காட்டும். அதைக் கேள்விப்பட்டதிலிருந்து எனக்குப் பாதி உயிர் வந்திருந்தது. இந்த வருஷம் முடிவை அது எடுக்கும், நான் பலகையை மட்டும் எடுத்தால் போதும் என்று மனைவியிடம் சொல்லியும் வைத்திருந்தேன்.

அன்று காலையிலேயே மேற்கே கறுத்து மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் வாய்க்காலில் முட்டி மோதிக்கொண்டு வந்தது, டீத்தூள் நிறத்தில், மேலே அழுக்கு நுரை. நான் ஒரு செம்பில் எடுத்து வாயில் விட்டுத் துப்பினேன். கரிப்பு. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. கரிப்புதான், ஆனால் குறைந்த மாதிரி. நுரை வெளுக்க ஆரம்பித்தது. அந்தப் பெண் மீட்டரை முக்கி முக்கி எண்ணைச் சத்தமாகச் சொல்ல, பையன்கள் எழுதிக்கொண்டார்கள்.

“எண்ணு எறங்குதாம்மா?” என்று கேட்டேன்.

“எறங்குது அண்ணே.”

“அப்பத் தொறந்துரலாமா?”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “நீங்கதாண்ணே சொல்லணும். நீங்க தொறக்கும்போது எண் எவ்வளவுன்னு குறிக்கத்தான் நாங்க வந்தோம்.”

என் கால் சேற்றில் இன்னும் கொஞ்சம் இறங்கியது போல் இருந்தது. நான் மீட்டரை நம்பி நிற்கிறேன், மீட்டர் என்னை நம்பி நிற்கிறது. டீச்சரம்மா பக்கம் திரும்பினேன். “டீச்சர், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“நாங்க குறுக்க வர மாட்டோம். எப்பவும் செய்ற மாதிரியே செய்யுங்க” என்றார், மரியாதையாக. அந்த மரியாதைக்குப் பதில் நாலு திட்டு திட்டியிருந்தால் தெம்பாக இருந்திருக்கும்.

மழை கொஞ்சம் தளர்ந்தது. தலைவர் குடையை மடக்கி அதாலேயே மேற்கைக் காட்டினார். “ஏலே, அங்கன வெளுத்திருச்சு பாரு. தொறடா. மழை போயிருச்சுன்னா நீ வந்து ஒண்ணுக்கு இருந்து நெரப்புவியா?”

“மாமா, நாக்குல இன்னும் கரிக்குது.”

“ஒன் நாக்குக்கு எது கரிக்கல? ஒம் பொண்டாட்டி வச்ச கொழம்பே கரிக்குதுன்னு கடையில வந்து சொன்னவன்தான நீ?”

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மழையைப் பார்த்தேன். “கொழம்ப அப்பறமாப் பேசிக்கிருவோம்” என்றாள். “ஏங்க, ஒங்களுக்கு என்னைக்குத்தான் வயிறு கலங்காம இருந்துச்சு? கலங்காம இருக்கட்டும்னு நின்னா தை வந்துரும். தொறக்குறதுன்னா தொறங்க, இல்லன்னா தொறக்க மாட்டேன்னு சத்தமாச் சொல்லுங்க.”

இன்னொரு செம்பு எடுத்தேன். நாக்கில் விட்டுக் கண்ணை மூடினேன். உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் எனக்கு எந்த ருசியும் தெரியவில்லை. வாய் முழுக்கப் பயம்தான். இப்போது திறந்து கரிப்பு உள்ளே போனால் கைப்பிள்ளைகள் குடிக்குமே என்று ஒரு பயம். திறக்காமல் மழை நின்றுவிட்டால் என்று இன்னொரு பயம். இரண்டையும் மாறிமாறி நினைத்துக்கொண்டே நின்றேன். “இன்னுங் கொஞ்சம் போகட்டும்” என்று என் வாய் சொல்லிவிட்டது.

தலைவர் துப்பிவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். கலங்கல் நன்றாகக் குறைந்த பிறகு, முதல் பயத்தைவிட இரண்டாவது பெரிதாகிவிட்ட ஒரு நொடியில், குனிந்து களிமண்ணைத் தோண்டிப் பலகையை உருவினேன். தண்ணீர் தொட்டியில் விழுந்து சுழன்று ஊருணிக்குள் இறங்கியது. அந்தப் பெண் எண்ணைச் சொன்னாள். டீக்கடைக்காரர் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, “இளநி மாதிரி இருக்குப்பா” என்றார். நான் சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன். சாயங்காலம் மழை நின்றுவிட்டது.

அப்புறம் அந்த வருஷம் பேர் சொல்லும்படி மழையே இல்லை. கார்த்திகையில் இரண்டு தூறல், அவ்வளவுதான். ஊருணி பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிட்டது. தண்ணீர் என்னவோ இனிப்புதான், அதில் யாருக்கும் பேச்சில்லை. எவ்வளவு என்பதில்தான் பேச்சு.

தை பிறப்பதற்கு முன்னால் டீச்சரம்மா என்னை மதுரைக்கு அழைத்து வகுப்பில் பேசச் சொன்னார். பெரிய ஹால், படிப்படியாக மேலே போகும் பெஞ்சுகள். சுவரில் எங்கள் ஊருணியை வரைந்து மாட்டியிருந்தார்கள்; மடை, தொட்டி, கழிவுக்கால் எல்லாம் அச்சாக இருந்தன. படத்தில் ஊருணி நிறைந்திருந்தது. நான் அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். ஒரு பையன் எழுந்து, “எப்பத் திறக்கணும்னு எப்படி முடிவு பண்ணுவீங்க?” என்று கேட்டான்.

“பயந்துக்கிட்டே நிப்பேன் தம்பி. ஒரு பயம் இன்னொண்ணை ஜெயிக்கும்போது தொறந்துருவேன்.”

சிரித்தார்கள், எழுதியும் கொண்டார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

முடிந்தபின் மீட்டர் பெண்ணைத் தனியே பிடித்துக் கேட்டேன். “அம்மா, தலைவர் சொன்னப்பவே தொறந்திருந்தா நெறஞ்சிருக்குமா?”

அவள் விரலில் கணக்குப் போட்டாள். “நெறஞ்சிருக்காது அண்ணே. ஆனா இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும்.”

“கரிச்சிருக்குமா?”

“லேசா. குடிக்க முடியாத அளவு இருக்காதுன்னு நெனக்கிறேன். நிச்சயமாச் சொல்ல முடியல.” நல்ல பெண், பொய் சொல்லத் தெரியவில்லை. அந்த ‘நெனக்கிறேன்’ என்னை எத்தனையோ வருஷம் தூங்கவிடவில்லை.

மாசி மாதம் அவர்கள் மறுபடி வந்து ஊர்க்கூட்டத்தில் ஒரு யோசனை சொன்னார்கள். கழிவுக்கால் கண்மாயில் சேருமிடத்தில் ஒரு குழி வெட்டி அளவுக்கல் நடலாம். முதல் தண்ணீர் அந்தக் கல்லை மூடியதும் மடையைத் திறந்துவிடலாம். கல்லின் உயரத்தை வருஷாவருஷம் மீட்டரை வைத்துத் திருத்திக்கொள்ளலாம். யாரும் நாக்கையும் வயிற்றையும் நம்பி நிற்க வேண்டாம். எனக்கு எழுந்து டீச்சரம்மா காலில் விழலாம் போல் இருந்தது. கல்லுக்கு வயிறு கலங்காது.

ஊர் ஒப்புக்கொள்ளவில்லை. செலவைக் காரணம் சொன்னார்கள், இடத்தைக் காரணம் சொன்னார்கள். கடைசியில் தலைவர்தான் உள்ளதைச் சொன்னார்: “கல்லு தப்பாக் காட்டுச்சுன்னா யாரப் புடிச்சு ஏசுறது டீச்சர்? இவன்னா இங்கன நிப்பான்.”

கூட்டம் சிரித்தது. டீச்சரம்மா சிரிக்கவில்லை. தன் நோட்டில் எதையோ எழுதத் தொடங்கி, பாதியில் பேனாவை மூடிவிட்டார். தலைவர் அதைக் கேலியாகச் சொன்னதாக நான் அன்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அவர் சொன்னதுதான் எங்கள் ஊர் ஏற்பாடு. ஆனால் அதைச் சுவரில் மாட்டுகிற படத்தில் எந்த இடத்தில் வரைவது?

முன்பு தையில் கூலிக்குப் போனபோது சில வீடுகளில் உடனே கொடுத்தார்கள். “தண்ணி தேன் மாதிரி இருக்குப்பா” என்று சொல்லிக் கொடுத்தவர்களும் உண்டு. மற்றவர்கள், “பங்குனி வரட்டும் பாப்போம்” என்றார்கள். பங்குனி வந்தது. ஊருணியில் சேறுதான் மிச்சம். லாரி வந்தது. நானும் குடத்தோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற அக்கா திரும்பி, “ஏம்ப்பா, லாரித் தண்ணியையும் மொதக் கொடத்தக் கீழ ஊத்திட்டுத்தான் பிடிப்பியோ?” என்றாள். வரிசை முழுக்கச் சிரிப்பு. அந்த அக்கா வீட்டில் தையிலேயே கூலி கொடுத்துவிட்டார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகும் ஆறேழு வருஷம் நான்தான் காவல். சில வருஷம் ஊருணி நிறைந்து மறுகால் போனது, சில வருஷம் போகவில்லை. அந்தந்த வருஷக் கணக்கு அந்தந்த வருஷமே தீர்ந்தது. ‘பங்குனி வரட்டும்’ என்ற அந்த ஒரு வருஷத்து வீடுகள் மட்டும் கூலியைத் தரவும் இல்லை, தர மாட்டோம் என்று சொல்லவும் இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் நான் பிந்தித் திறந்தேனா இல்லையா என்பதற்கு வாசலில் வைத்துப் பதில் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். முப்பத்தோரு வீடு. வீட்டுக்கு இருபது. அறுநூற்று இருபது ரூபாய் இன்னும் நிற்கிறது.