கதவுக்கு முட்டுக் கொடுத்த கல்

பேய், ஆவின்னு யாராவது பேச்செடுத்தா, அடுப்புல குக்கர் இருக்குன்னு எழுந்து போற ஆளு நான். அப்பா பூனா பக்கம் கட்கி வெடிமருந்து ஃபேக்டரியில இருந்தவரு, எங்க வீட்ல சாமிக்கே ஒரு ஊதுபத்திதான். இதைக் கேட்டா நீங்க சிரிப்பீங்கன்னு தெரியும். சிரிங்க, ஆனா நடந்தது நடந்ததுதான்.

என் வீட்டுக்காரர் சுரங்கக் கம்பெனியில ஜியாலஜிஸ்ட். ஆபீஸ் பூனாவுல, ஆளு இருக்கறது மட்டும் எங்கேயோ வடக்க, ரோடே இல்லாத மலைக்காட்ல. மெஷினைப் பிரிச்சுக் கழுதை மேல ஏத்திட்டுப் போயி, கூடாரம் போட்டு, வருஷக்கணக்கா பூமியில துளை போட்டுப் பார்த்தாங்க. வெறும் கல்லுதான். என்னைக் கட்டினதுக்கு அந்த மலையையே கட்டியிருக்கலாமேன்னு சண்டை போடுவேன்.

அப்புறம் தொண்ணூறுகள்ல ஒரு துளையிலேர்ந்து உருளையா வந்த கல்லுல செம்பு மின்னிச்சு. அதை நீளவாக்குல ரெண்டா அறுத்து, ஒரு பாதியைச் சோதனைக்கு அனுப்பிட்டு மறு பாதியைப் பத்திரமா வைப்பாங்களாம். சுரங்கம் வெட்ட ஆரம்பிச்ச அன்னைக்கு, அந்த மறு பாதியில ஒரு துண்டை சுரங்க வாசல்ல வச்சு, குங்குமம் பூசி, தேங்கா உடைச்சாங்க. அதோட ஒட்டியிருந்த துண்டை இவர் வீட்டுக்குக் கொண்டாந்து, ஏதோ நெக்லஸ் வாங்கிட்டு வந்தவர் மாதிரி என் கையில குடுத்தாரு. நான் சமையல்ரூம் கதவுக்கு முட்டுக் கொடுத்துட்டேன்.

ஒரு மே மாசம். பூனா வெயில்ல துணி காயப்போட்டுத் திரும்பறதுக்குள்ள காஞ்சிடும். காலையில எங்க கைக்குழந்தைக்கு கிரைப் வாட்டர் குடுத்துட்டுத் திரும்பறேன், அந்தக் கல்லு மட்டும் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு. தண்ணி எங்கேயும் சிந்தல. குழந்தை வாய் துடைக்கிற துணியாலேயே துடைச்சேன். திரும்ப வேர்த்துச்சு, மனுஷன் நெத்தி வேர்க்கிற மாதிரியே, நம்பினா நம்புங்க.

அப்போ பக்கத்து வீட்டு மராட்டிக்காரம்மா, "வஹினி, ஃபோன் ஆலா!"ன்னு கத்தினாங்க. அண்ணி, ஃபோன் வந்திருக்குன்னு அர்த்தம். அவங்க வீட்டுக்கு ஓடினேன், கேம்ப்ல வச்சிருந்த சேட்டிலைட் ஃபோன்லேர்ந்து கூப்பிட்டாங்க. சுரங்கத்துல தண்ணி உடைச்சுக்கிச்சு, உங்க வீட்டுக்காரர் உள்ள மாட்டியிருக்காருன்னாங்க.

வீட்டுக்கு வந்து கல்லை மடியில வச்சுக்கிட்டேன். வேர்க்க வேர்க்கத் துடைச்சேன், வேற எதுவும் செய்யத் தெரியல. சாயங்காலம் திடீர்னு கல்லு காஞ்சு போச்சு. எனக்கு உசுரே நின்னு போச்சு. போயிட்டாருன்னே நினைச்சேன்.

மறுபடி ஃபோன். "நான்தான்டி"ன்னு அவர் குரல். அந்தம்மா தோள்ல சாஞ்சு ஓன்னு அழுதேன்.

வீட்டுக்கு வந்தப்புறம்தான் சொன்னாரு, கூட இருந்த, துளை போடற மெஷின் ஓட்டற பன்சிங்கற ஆளை மட்டும் தண்ணி இழுத்துட்டுப் போயிடுச்சுன்னு, உடம்பே கிடைக்கலன்னு. கல்லு விஷயத்தை நான் வாயே திறக்கல. ஒரு நாள் குழந்தைக்கு கிரைப் வாட்டர் பாட்டிலைத் திறந்தேன், மனுஷன் முகம் மாறிடுச்சு. "இந்த வாசனைதான்டி. இருட்டுல கிடந்தப்போ யாரோ என் முகத்தைத் துடைச்சிக்கிட்டே இருந்தாங்க"ன்னாரு.

அப்புறம் ரோடு வந்துச்சு, கரண்ட் வந்துச்சு, சுரங்கம் பெருசாச்சு. பிறகு செம்பு விலை படுத்துடுச்சு, இழுத்து மூடினாங்க. பம்பை நிறுத்தினதும் உள்ள முழுக்கத் தண்ணியாம். இவர் இப்போ ஹால்ல உட்கார்ந்து பேப்பர் படிக்கிறாரு, டீயில சர்க்கரை இல்லன்னு சத்தம் போடறாரு.

ஆனா இன்னமும் சில நாள் காலையில கல்லு நனைஞ்சிருக்கு. இவர் கண்ணு முன்னாடிதானே இருக்காரு, அப்போ அது யாருன்னு கேக்காதீங்க. துடைச்சிட்டுத்தான் இருக்கேன். பன்சிக்கும் வீட்ல ஒருத்தி இருந்திருப்பா இல்ல, அவகிட்ட இந்தக் கல்லு இல்லையே.