ட்ரூடி சொல்லாத டாக்டர் பெயர்

டெஸ்ஸா பல்லைக் கடிக்கும் சத்தத்தை முதல்முறை கேட்பவர்கள் சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். பக்கத்தில் எங்கோ மிஷின் ஒன்று எண்ணெய் இல்லாமல் ஓடுகிறது என்று நினைப்பார்கள். ஒன்பது வயதுப் பெண்ணின் வாய்க்குள்ளிருந்துதான் அது வருகிறது என்று புரிந்ததும் முகம் மாறும். பிறகு பரிதாபமாக ஒரு சிரிப்பு சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கண்டாலே டெஸ்ஸாவின் அம்மா ஜானெலுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஐயோவாவின் சோளக்காடுகளுக்கு நடுவே இருந்த அந்தச் சின்ன ஊரில், தானியக் கிடங்கின் எடைமேடையில் ஜானெலுக்கு வேலை. நாள் முழுக்க லாரிகள் சரளைக் கல்லை நொறுக்கிக்கொண்டு வந்து நிற்கும். வீட்டுக்குப் போனால் டெஸ்ஸா. "எனக்கு ரெண்டு ஷிஃப்ட். ரெண்டுலயும் கல்லு அரைக்கிற வேலைதான்" என்பாள் ஜானெல். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள்.

டெஸ்ஸாவுக்குப் பேச்சு வராது. விழித்த நேரம் முதல் நறநறவென்று அரைத்துக்கொண்டே இருப்பாள். ஜானெல் செய்து பார்க்காதது இல்லை. கழுத்தில் மாட்டிக் கடிக்கிற ரப்பர் வளையம் வாங்கினாள். டெஸ்ஸா அதைத் துண்டு துண்டாகத் துப்பினாள். பல்லுக்கு மாட்டும் கவசம் செய்து வாங்கினாள். வாயில் வைத்ததும் குழந்தை வாந்தி எடுத்தது. ஈரத்துணியை உறைய வைத்துக் கொடுத்தாள். தாடையை வட்டமாக நீவிவிட்டாள். நீவும்போது நிற்கும், கையை எடுத்தால் மறுபடியும் தொடங்கும். ஒரு தாய் எந்நேரமும் மகளின் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா?

டாக்டர்கள் எல்லாரும் பேசி வைத்துக்கொண்டதுபோல ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "இந்த மாதிரிப் பிள்ளைங்க அப்படித்தாம்மா." கன்னத்தைப் பிடித்துக்கொண்டு "வலிக்குது" என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு எக்ஸ்ரே எடுப்பார்கள், காதுக்குள் விளக்கடித்துப் பார்ப்பார்கள். சொல்லத் தெரியாத பிள்ளைக்கு அந்த ஒரு வாக்கியம் போதும் என்று யார் முடிவு செய்தது? ஜானெல் இதை அவர்களிடமே கேட்டிருக்கிறாள். கேட்டதால் "கோபக்காரி" என்ற பெயர்தான் வந்தது.

வியாழக்கிழமை மாலைகளில் ஊர் நூலகத்தின் பின்னறையில் இப்படிப்பட்ட பிள்ளைகளின் தாய்மார்கள் கூடுவார்கள். அங்கே எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. யாருக்காவது நல்ல டாக்டர் கிடைத்தால், பெயரை அன்றைக்கே மற்றவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். பொய் சொல்லலாம், கடன் வாங்கித் திருப்பாமல் இருக்கலாம், அடுத்தவள் புருஷனைப் பற்றிப் புறணி பேசலாம். டாக்டர் பெயரை மட்டும் மறைக்கக் கூடாது. மறைத்தவளோடு யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் ட்ரூடி என்று ஒருத்தி. அவள் மகன் கோல்பிக்குப் பதினொரு வயது. பல் அரைப்பதில் டெஸ்ஸாவை ஒன்றுமில்லை என்று ஆக்கிவிடுவான். அவனோடு உட்கார்ந்த பள்ளி உதவியாளர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தாராம். ஜானெல் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் கோல்பி அரைப்பதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்துபோகும். நம்முடையது இவ்வளவு இல்லை. ஒவ்வொரு வியாழனும் அந்த ஆறுதலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

ஜூன் மாதம் கோல்பி அமைதியாகிவிட்டான்.

முதல் வாரம் காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தாள் ஜானெல். இரண்டாவது வாரமும் அறையில் டெஸ்ஸாவின் சத்தம் மட்டும்தான் கேட்டது. கோல்பி தரையில் உட்கார்ந்து கட்டைகளை அடுக்கினான். தாய்மார்கள் வாய் பிளந்தார்கள்.

"என்னடி பண்ணே? யாருகிட்ட போனே?" என்றாள் ஜானெல்.

"ஒண்ணும் பண்ணல. அதுவா நின்னுடுச்சு."

"அதுவாவா? நம்ம பிள்ளைங்களுக்கு எதுடி அதுவா நின்னுருக்கு?"

ட்ரூடி பையிலிருந்து எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாஸ்டர் வெண்டல் மேடையிலிருந்து அறிவித்தார்: "நம்ம ஜெபத்துக்கு ஆண்டவர் காது கொடுத்துட்டார். கோல்பியைப் பாருங்க!" எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ட்ரூடி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள், மறுக்கவில்லை. இதே பாஸ்டர் டெஸ்ஸாவின் தலையிலும் கை வைத்து ஜெபித்திருக்கிறார். அப்படியானால் ஆண்டவர் ஒரு பிள்ளையின் வாயை மூடிவிட்டு அடுத்த பிள்ளையை விட்டுவிட்டாரா? பதிவு வரிசையில் டெஸ்ஸாவுக்கு இடமில்லையா? அப்படி ஒரு கடவுள் இருந்தால் அவரை எடைமேடையில் ஏற்றி நிறுத்தி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று ஜானெலுக்குத் தோன்றியது. ஆனால் அன்றைக்கு அவள் வயிறு எரிந்தது கடவுளால் அல்ல. முன் வரிசையில் ட்ரூடியைச் சுற்றி இருந்த அந்த அமைதியால்.

அதற்குப் பிறகு ட்ரூடி செய்வதெல்லாம் கண்ணில் குத்தியது. ட்ரூடி முடி வெட்டிக்கொண்டாள். ட்ரூடி கடையில் அவசரமில்லாமல் தக்காளி பொறுக்கினாள். ட்ரூடியின் வேனில் பாட்டு சன்னமாக ஓடியது. ஜானெலின் வேனில் பாட்டு கேட்க வேண்டுமென்றால் ஸ்பீக்கர் அலற வேண்டும்.

"நல்லாத் தூங்கறா, பாத்தியா? கண்ணுக்குக் கீழ கருப்பே இல்ல" என்றாள் கணவன் ரஸ்ஸிடம்.

"நீ என்ன, அவ மூஞ்சியையே பாத்துட்டு நிக்கிறியா?"

"டாக்டர் பேரை மறைக்கிறா ரஸ். பச்சைத் துரோகம்."

மாட்டுத் தீவன லாரி ஓட்டும் ரஸ் தலையைச் சொறிந்தான். "மே மாசக் கடைசியில அவ வேனைப் பக்கத்து டவுன்ல பாத்தேன். அங்க ஒரு பல் கிளினிக் வாசல்ல. பையனைத் தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்தா."

"இதை இப்பதான் சொல்றியா? நீயெல்லாம் மனுஷனா!"

மறுநாள் காலையில் ஜானெல் அந்தக் கிளினிக்குக்குப் போன் செய்தாள். டெஸ்ஸாவைப் பற்றிச் சொன்னதும் மறுமுனையில் இருந்த பெண் தேன் மாதிரிப் பேசினாள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அவர்களிடம் ஒரு சிகிச்சை இருக்கிறதாம். மயக்க மருந்து கொடுத்து ஒரே நாளில் முடித்துவிடுவார்களாம். இன்சூரன்ஸ் முழுக்கக் கொடுத்துவிடுமாம். அதோடு அந்தத் தொல்லை தீர்ந்ததாம். என்ன சிகிச்சை என்று ஜானெல் கேட்டிருக்க வேண்டும். எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கிறவள் அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை. ட்ரூடிக்குக் கிடைத்தது நமக்கும் கிடைக்கப்போகிறது என்பதிலேயே மனது நின்றுவிட்டது. ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கினாள்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை ஊரில் சோள விருந்து. தீயணைப்பு நிலையத்தின் முன்னால் பெரிய தொட்டியில் கதிர்கள் வேகும். உருக்கிய வெண்ணெய் நிறைந்த உயரமான டப்பாவில் கதிரை முக்கி எடுத்து, வழிய வழியக் கடிப்பார்கள். கிழவர்கள்கூடச் சக்கைகளை எதிரே குவித்து யார் குவியல் பெரிது என்று பார்ப்பார்கள். டெஸ்ஸாவுக்கு அந்த நாள் பிடிக்கும். கதிர் கையில் இருக்கும்வரை அவள் பல் ஒன்றோடொன்று உரசாது. ஜானெலுக்கு வருஷத்தில் அது ஒரு அரைமணி நேர விடுமுறை.

"போய் ட்ரூடி மூஞ்சிக்கு நேரா சொல்லப்போறேன். திங்கக்கிழமை எங்களுக்கும் நேரம் கொடுத்துருக்காங்கன்னு" என்று ரஸ்ஸிடம் சொல்லிவிட்டு எழுந்தாள் ஜானெல்.

அதற்குள் பாஸ்டர் வெண்டல் கோல்பியைப் பார்த்துவிட்டார். "எங்கய்யா நம்ம அற்புதப் பையன்? வா வா, இருக்கறதுலயே பெரிய கதிர் உனக்குத்தான்!" என்று அவன் கையில் ஒன்றைத் திணித்தார். கோல்பி முகம் மலர்ந்து கதிரை வாயில் வைத்தான். இப்படித் திருப்பினான், அப்படித் திருப்பினான். வெண்ணெய் தாடையில் வழிந்ததே தவிர ஒரு மணிகூடக் கதிரிலிருந்து விடுபடவில்லை. கதிரைக் கீழே போட்டுவிட்டு ஓவென்று அழுதான். ட்ரூடி அவனை அள்ளிக்கொண்டு வேனுக்கு ஓடினாள்.

திமிர் பிடித்தவன் என்றுதான் ஜானெல் முதலில் நினைத்தாள். இரண்டு அடி வைத்ததும் நின்றாள். போன வருஷம் இதே கோல்பி, மேசையில் கிழவர்களுக்குச் சமமாகச் சக்கைகளை வரிசையாக அடுக்கி வைத்தவன்.

வேனின் பக்கக் கதவு பாதி திறந்திருந்தது. ட்ரூடி மடியில் தட்டை வைத்துக்கொண்டு, கத்தியால் கதிரிலிருந்து மணிகளைச் சீவி, முள்கரண்டியால் கூழாக மசித்துக்கொண்டிருந்தாள். கோல்பி விசும்பிக்கொண்டே வாயைத் திறந்தான்.

மேல்வரிசையில் முன்னால் நாலு பல் இருந்தது. பின்னால் இரண்டு பக்கமும், கீழ்வரிசை முழுக்கவும் வெறும் ஈறு.

ஜானெல் கதவைப் பிடித்துக்கொண்டாள். "ட்ரூடி... என்னடி இது?"

"பாத்துட்டல்ல? போ. போய் எல்லார்கிட்டயும் சொல்லு."

"புடுங்கிட்டானா? எல்லாத்தையுமா?"

"கடவாப்பல்லும் கீழ்ப்பல்லும் பூரா தேஞ்சு விரிசல் விட்டுடுச்சுன்னான். பல்லு மேல கேப் போட்டு மூடலாமேன்னேன். இன்சூரன்ஸ்காரன் புடுங்கறதுக்குத் தருவான், கேப்புக்குத் தர மாட்டானாம். அந்த டாக்டர் சிரிச்சுக்கிட்டே சொல்றான், இவனுக்குக் கேப் போட்டா காசு வேஸ்ட்டும்மா, இவன் என்ன அழகா சிரிச்சு போட்டோவா எடுக்கப்போறான்னு." ட்ரூடி கூழை ஊட்டினாள். "நான் சரின்னுட்டேன் ஜானெல். தூங்கி ரொம்ப நாளாயிருந்துச்சு. சரின்னு சொல்லிட்டேன்."

"அதானே... அதான் நின்னுடுச்சு" என்று எதையோ சொல்ல வேண்டுமே என்று சொன்னாள் ஜானெல்.

"யார் சொன்னா நின்னுச்சுன்னு? இங்க வா." ட்ரூடி அவள் கையைப் பிடித்து இழுத்துக் கோல்பியின் தாடையில் வைத்தாள். விரல்களுக்குக் கீழே தசை இறுகியது, விட்டது, இறுகியது. பையன் வெறும் ஈறால் அரைத்துக்கொண்டிருந்தான். "அவன் இன்னும் அரைக்கிறான். நமக்குக் கேக்கல, அவ்வளவுதான்."

ஜானெல் கையை எடுக்கவில்லை. "ஏன் என்கிட்ட சொல்லல?" என்றாள்.

"பேரைச் சொன்னா நீ போவே. என்ன பண்ணான்னு சொன்னா, இதோ இப்பப் பாக்கறியே, இந்தப் பார்வை பாப்பே."

"நான் பேரைக் கண்டுபிடிச்சுட்டேன். திங்கக்கிழமை நேரம் வாங்கி வச்சிருக்கேன்."

ட்ரூடியின் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது. "அடிப்பாவி! என்ன பண்ணப் போறாங்கன்னு கேட்டியா?"

"கேக்கல. நீ நல்லாத் தூங்கறேன்னு வயித்தெரிச்சல்."

"தூக்கமா?" ட்ரூடி சிரித்தாள். அழுவதைவிட மோசமாக இருந்தது அந்தச் சிரிப்பு. திறந்த கதவு வழியாக அவள் பார்வை மேசைப் பக்கம் போனது. அங்கே ரஸ்ஸுக்குப் பக்கத்தில் டெஸ்ஸா மூன்றாவது கதிரை வரிசை வரிசையாகக் கடித்துக்கொண்டிருந்தாள். ட்ரூடி அதைப் பார்த்த பார்வை ஜானெலுக்குப் புதிதல்ல. இரண்டு மாதமாக ட்ரூடியை அவளே பார்த்த பார்வைதான் அது.

அப்போது பாஸ்டர் தட்டும் கையுமாக வந்துவிட்டார். "என்னாச்சு நம்ம பையனுக்கு? ஞாயித்துக்கிழமை அவனை மேடைக்குக் கூப்பிடலாம்னு பாக்கறேன். எல்லாருக்கும் ஒரு சாட்சியா இருக்கும்."

"கூப்பிடுங்க" என்றாள் ஜானெல். "வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்க. உங்க ஆண்டவர் எந்தக் குறடால புடுங்கினார்னு எல்லாரும் பாக்கட்டும்."

பாஸ்டர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். பிறகு அதோடே திரும்பிப் போனார். மேடையில் அற்புதத்தைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை. தவறு என்றும் யாரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை ஜானெல் கிளினிக்குக்குப் போன் செய்து வரமாட்டோம் என்றாள். ஏன் என்று தேன் குரல் கேட்டது. "என் பொண்ணு சோளம் திங்கணும்" என்றாள்.

சோள விருந்தில் டெஸ்ஸா கடித்து மிஞ்சிய சக்கைகளைக் கழுவித் துண்டு போட்டு அவள் ஃப்ரீசரில் வைத்திருந்தாள். அரைப்பு அதிகமாகும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றைக் கொடுப்பாள். டெஸ்ஸா கடித்துக்கொண்டிருப்பாள், சில நிமிஷம் அமைதி. தீர்வு இல்லை அது. பல்கலைக்கழக மருத்துவமனையில் பல்லையும் காதையும் சேர்த்துப் பார்க்கக் கேட்டிருந்தாள். அடுத்த வசந்தத்துக்குத்தான் இடம் என்றார்கள். வாரம் தவறாமல் போன் செய்து அவர்களோடு சண்டை போட்டாள்.

சோள விருந்துக்கு அடுத்த வியாழக்கிழமை நூலகத்தில் ட்ரூடி எழுந்து நின்று, அந்த டாக்டரின் பெயரைச் சத்தமாகச் சொன்னாள். போகாதீர்கள் என்றாள். ஏன் என்பதையும் சொன்னாள். அதுவரை நல்ல பெயர்கள் மட்டுமே சொல்லப்பட்ட அறை அது. தாய்மார்கள் யாரும் அசையவில்லை. டெஸ்ஸா மட்டும் தரையில் உட்கார்ந்து நறநறவென்று அரைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சத்தம் ஜானெலுக்கு வெட்கமாக இருந்தது. குனிந்து மகளின் தாடையில் கை வைத்தாள்.

"விடுடி" என்றாள் ட்ரூடி. "அரைக்கட்டும்."